புது கம்ப்யூட்டரில் யாருடைய சாவி?

கம்ப்யூட்டர் கடையில் பாகங்களைத் தேர்வு செய்து, முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். "சாயங்காலம் வாங்க சார், ரெடியா இருக்கும்" என்கிறார் கடைக்காரர். மாலையில் போனால் உண்மையிலேயே ரெடி! விண்டோஸ் ஓடுகிறது. டிரைவர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. தமிழ் டைப் செய்ய வசதி, பாட்டுக் கேட்க ஒரு பிளேயர், கடிதம் எழுத ஆபீஸ் தொகுப்பு என எல்லாமே தயார். அதே கடையிலிருந்து அன்று இன்னும் எட்டுப் பேருக்குக் கம்ப்யூட்டர் போயிருக்கிறது. ஒவ்வொன்றிலும் விண்டோஸ் இன்ஸ்டால் செய்து, அப்டேட் முடித்து, சாப்ட்வேர்களைப் பதிந்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும். அரை நாளில் எப்படி முடிந்தது?

விடை: க்ளோனிங். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் மாஸ்டர். அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்ற கம்ப்யூட்டர்களில் இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு நகலுக்கும் சில நிமிடங்கள்தான்.

இந்த முறையே தவறு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. பெரிய நிறுவனங்களின் லேப்டாப்களும் இப்படித்தான் தயாராகின்றன. நகலெடுப்பது தவறல்ல, மாஸ்டரைத் தயார் செய்யாமல் நகலெடுப்பதுதான் தவறு. அந்தத் தவறின் விலையைக் கொடுப்பவரோ கடைக்காரர் அல்ல, வாங்கியவர்! இதை நான் எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. நானே செய்து, மாட்டிக்கொண்டு, கற்றுக்கொண்டது.

22 கம்ப்யூட்டர்களில் என் மெயில்

2018-ல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாலை நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு டைப்ரைட்டிங் மற்றும் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்துக்கு 22 கம்ப்யூட்டர்கள் ஆர்டர் வந்தது. மாஸ்டரைத் தயார் செய்யும் பொறுப்பை அண்ணாச்சி என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விண்டோஸ் 10 போட்டேன். பிரின்டர் டிரைவர் தேவைப்பட்டது. அதை எனக்கு நானே மெயிலில் அனுப்பி வைத்திருந்தேன். மாஸ்டரில் பிரவுசரைத் திறந்து, என் மெயிலுக்குள் நுழைந்து, டிரைவரை இறக்கிக்கொண்டேன். பிரவுசரை மூடினேன். லாக்-அவுட் செய்யவில்லை. இரவோடு இரவாக 22 டிஸ்க்குகளிலும் நகல் எடுத்து, மறுநாள் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பத்து நாள் கழித்துப் பயிற்சி மையத்து மேடம் போன் செய்தார். "தம்பி, எந்த கம்ப்யூட்டர்ல பிரவுசரைத் திறந்தாலும் உங்க மெயில்தான் வருது. பிள்ளைங்க எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க" என்றார்.

என்னென்ன இருந்தது அதில்? என் அரியர் ரிசல்ட் இருந்தது. அதைவிட மோசம், கல்விக் கடன் வட்டி மூன்று மாதமாகக் கட்டவில்லை என்று வங்கியிலிருந்து வந்த கடிதங்கள். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிய கடன் அது. வட்டி நிலுவையில் இருப்பதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அடித்துப் பிடித்து ஓடிப்போய் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த மாணவி, "அண்ணா, நான் ஒண்ணும் படிக்கல" என்றாள். படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தி, அன்று ஒரு வழியாகத் தப்பித்தேன். ஆனால் கதை முடியவில்லை. 22 கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே பெயர். ஒரே பெயரில் வேறு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று திரையில் மாறி மாறி எச்சரிக்கை வந்தது. தொலைவிலிருந்து இயக்கும் சாப்ட்வேர் ஒன்றை மாஸ்டரிலேயே பதிந்திருந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே ஐடி! பதினேழாம் கம்ப்யூட்டரில் கோளாறு என்று மேடம் போன் செய்தால், அண்ணாச்சி கடையிலிருந்து இணைப்பார். திறப்பது நாலாம் கம்ப்யூட்டர். கடைசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மாஸ்டரில் நான் மிச்சப்படுத்திய நேரம் ஒரு மணி. இழந்தது இரண்டு நாள், கூடவே கொஞ்சம் மானம்.

நகலில் என்னென்ன சேர்ந்து போகிறது?

க்ளோனிங் சாப்ட்வேருக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது. டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும். இந்த வேலையைப் பரவலாக்கியது கோஸ்ட் என்ற சாப்ட்வேர். நியூஸிலாந்தில் 1995-ல் உருவானது. 1998-ல் சைமன்டெக் நிறுவனம் வாங்கி நார்ட்டன் கோஸ்ட் ஆக்கியது. இன்று பலரும் பயன்படுத்துவது தைவானில் உருவான க்ளோன்ஸில்லா. இலவசம்தான். பெயர் மாறினாலும் வேலை ஒன்றே.

நகலில் சேர்ந்து போகிறவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மனிதரின் தடயங்கள். மாஸ்டரைத் தயார் செய்தவரின் யூசர் பெயர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், திறந்த நிலையில் விடப்பட்ட மெயில், கடையின் வை-பை பாஸ்வேர்ட், டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும் பைல்கள். இவை கண்ணுக்குத் தெரிபவை.

இரண்டாவது, கம்ப்யூட்டரின் அடையாளங்கள். இவை கண்ணுக்குத் தெரியாதவை. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது தனக்கென்று ஒரு நீண்ட எண்ணை உருவாக்கிக்கொள்கிறது. அதற்கு எஸ்ஐடி என்று பெயர். செக்யூரிட்டி ஐடென்டிபையர் என்பதன் சுருக்கம். அந்தக் கம்ப்யூட்டரில் உருவாகும் ஒவ்வொரு யூசரின் எண்ணும் இதன் மேல்தான் கட்டப்படுகிறது. தயார் செய்யாமல் க்ளோன் செய்தால் எல்லா நகலுக்கும் ஒரே எஸ்ஐடி. ஒரு தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்டது போல!

இந்த எஸ்ஐடி விஷயத்தில் ஒரு சுவாரசியமான திருப்பம் உண்டு. க்ளோன் செய்த கம்ப்யூட்டர்களில் எஸ்ஐடியை மாற்றுவதற்கென்றே நியூசிட் என்ற சிறு சாப்ட்வேர் இருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச், 2009 நவம்பரில், ஒரே எஸ்ஐடி இருப்பதால் நடைமுறையில் தொல்லை எதுவும் வருவதில்லை, அது ஒரு கட்டுக்கதை என்று எழுதி நியூசிட்டை நிறுத்திவிட்டார். அதே கட்டுரையில், விண்டோஸில் இன்னும் பல அடையாளங்கள் இருக்கின்றன, ஆகவே சிஸ்பிரெப் முறையில் தயார் செய்துதான் க்ளோன் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கடைக்காரர்கள் பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்!

பதினாறு ஆண்டுகள் அந்தச் சமாதானம் செல்லுபடியானது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களில் விண்டோஸ் 11-ன் 24எச்2, 25எச்2 பதிப்புகள் எஸ்ஐடியைக் கண்டிப்பாகச் சோதிக்கத் தொடங்கின. ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. சரியான பாஸ்வேர்ட் கொடுத்தாலும் ஷேர் செய்த போல்டர் திறக்காது. ரிமோட் டெஸ்க்டாப் இணையாது. அந்தக் கம்ப்யூட்டர்களில் அங்கீகரிக்கப்பட்ட முறையில் விண்டோஸை மறுபடி போடுவதே நிரந்தரத் தீர்வு என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது.

இது ஆபீஸ் சமாசாரம், வீட்டுக்கு எதற்கு என்கிறீர்களா? ஒரே கடையில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகள் எத்தனை! அண்ணன் கம்ப்யூட்டரில் உள்ள போட்டோக்களைத் தங்கை தன் கம்ப்யூட்டரிலிருந்து திறக்க முயன்றால் பாஸ்வேர்ட் தவறு என்று வரும். இரண்டு பேரும் பாஸ்வேர்டைத்தான் சந்தேகப்படுவார்கள். கோளாறு பிறப்பிலேயே இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

மாஸ்டரைத் தயார் செய்வது எப்படி?

இதற்காகத்தான் மைக்ரோசாப்ட் விண்டோஸுக்குள்ளேயே சிஸ்பிரெப் என்ற புரோகிராமை வைத்திருக்கிறது. தனியாக வாங்க வேண்டாம், டவுன்லோட் செய்யவும் வேண்டாம். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள், சிஸ்டம்32 போல்டருக்குள் இருக்கிறது. வாங்குபவர்களும் இதைத் தெரிந்து வைத்திருந்தால்தான் கடையில் பேச முடியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. மாஸ்டரில் விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். எந்த நாடு, எந்த கீபோர்டு என்று முதல் கேள்வி வரும் திரையிலேயே கண்ட்ரோல், ஷிப்ட், எப்3 கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஆடிட் மோட் என்ற நிலைக்குப் போகும். இதில் யாருடைய பெயரிலும் யூசர் உருவாக்காமல் எல்லா வேலையையும் செய்யலாம்.

2. விண்டோஸ் அப்டேட்களையும், எல்லோருக்கும் பொதுவான சாப்ட்வேர்களையும் மட்டும் பதிய வேண்டும். மெயில் திறக்கக் கூடாது. எந்த அக்கவுண்டிலும் நுழையக் கூடாது. தேவையான பைல்களைப் பென்டிரைவில் கொண்டு வர வேண்டும். என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்!

3. தொலைவிலிருந்து இயக்கும் சாப்ட்வேர் போலத் தனக்கென்று ஐடி உருவாக்கிக்கொள்பவற்றை மாஸ்டரில் போடக் கூடாது. க்ளோன் செய்த பிறகு ஒவ்வொன்றிலும் தனியாகப் பதிய வேண்டும்.

4. டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் ஆப் செய்ய வேண்டும். இல்லையென்றால் சிஸ்பிரெப் ஓடாது. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் உள்ள ஆப்கள் தாமாக அப்டேட் ஆகிவிட்டாலும் சிஸ்பிரெப் சண்டித்தனம் செய்யும். ஆகவே ஸ்டோர் அப்டேட்டை நிறுத்தி வைப்பது நல்லது.

5. கடைசியாக சிஸ்பிரெப்பைத் திறந்து, ஜெனரலைஸ் என்ற கட்டத்தில் டிக் செய்து, ஷட்டவுன் என்பதைத் தேர்வு செய்து ஓகே கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் அடையாளங்கள் நீக்கப்பட்டு, தானாக அணைந்துவிடும்.

6. அணைந்த மாஸ்டரை மறுபடி விண்டோஸில் திறக்கக் கூடாது. திறந்தால் புது அடையாளம் எடுத்துக்கொண்டுவிடும். க்ளோன்ஸில்லா உள்ள பென்டிரைவில் பூட் செய்து நகலெடுக்க வேண்டும். க்ளோன்ஸில்லாவில் நகல் இறங்கும் டிஸ்க், மாஸ்டர் டிஸ்க்கைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஆகவே மாஸ்டரைச் சிறிய டிஸ்க்கில் செய்வது புத்திசாலித்தனம்.

7. முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இறக்கிச் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் நீங்கள் தினமும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் சிஸ்பிரெப்பை ஓட்டிப் பார்க்காதீர்கள். அது மாஸ்டருக்கு மட்டுமே உரியது.

பெரியவர்களும் சறுக்கியதுண்டு

மாஸ்டரில் ஒரு தவறு என்றால் நகல்களில் எத்தனை என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2014-ல் லெனோவோ நிறுவனம் தன் லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்பிஷ் என்ற விளம்பர சாப்ட்வேரைத் தொழிற்சாலையிலேயே பதிந்து அனுப்பியது. அது பிரவுசரின் பாதுகாப்பான இணைப்புகளுக்குள் புகுந்து விளம்பரம் காட்டுவதற்காக ஒரு டிஜிட்டல் சான்றிதழை வைத்திருந்தது. அதன் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்களிலும் ஒன்றே! 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு லேப்டாப்பில் கிடைத்த சாவியால் மற்ற எல்லா லேப்டாப்களையும் ஏமாற்றலாம் என்ற நிலை. 2017-ல் அமெரிக்க அரசு அமைப்புடன் சமரசம் செய்துகொண்டு, 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தது அந்த நிறுவனம்.

இன்னொன்று. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் சீனாவில் பல நகரங்களின் கடைகளில் 20 புதிய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சோதித்தார்கள். போலி விண்டோஸுடன் சேர்ந்து நான்கில் வைரஸ் போன்ற தீய புரோகிராம்களும் இருந்தன. 2012 செப்டம்பரில் இந்த முடிவை வெளியிட்டார்கள். டப்பாவைப் பிரிப்பதற்கு முன்பே வைரஸ்! வாங்கியவர் என்ன தவறு செய்தார்?

அண்ணாச்சி சொன்ன காரணம்

22 கம்ப்யூட்டர் கூத்துக்குப் பிறகு சிஸ்பிரெப் பற்றிப் படித்துவிட்டு அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நீ சொல்றது சரிதான். ஆனா அப்படிச் செஞ்சா முதல் தடவை ஆன் பண்ணும்போது எந்த நாடு, என்ன பேரு, என்ன பாஸ்வேர்டுன்னு கேள்வியா கேக்கும். நம்ம கஸ்டமர் பயந்துருவாங்க. கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் அவருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. ஒவ்வொரு போனுக்கும் ஆள் அனுப்பினால் அதுவும் போய்விடும். நாம்தான், எல்லாம் போட்டு ரெடியாகக் கொடுங்கள், நான் ஆன் செய்தால் போதும் என்று கேட்டு அவரைப் பழக்கியிருக்கிறோம்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தயார் செய்யும் வேலை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அல்ல, மாஸ்டருக்கு மட்டும்தான். ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டால் நூறு கம்ப்யூட்டருக்குப் போதும். அந்த முதல் கேள்விகளோ, பயப்பட வேண்டியவை அல்ல; கேட்டு வாங்க வேண்டியவை. புது வீட்டுக்குப் போகும்போது பூட்டைப் புதிதாக மாட்டிச் சாவியை உங்கள் கையில் கொடுக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்விகளுக்கு அர்த்தம். அவை வராமல் நேராக டெஸ்க்டாப் திறந்தால், உங்களுக்கு முன்பே வேறு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

இப்போது இது இன்னும் முக்கியம்

விண்டோஸ் 11-ல் இந்தச் சாவி என்பது வெறும் உவமை அல்ல. 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட ஒரு ரெகவரி கீ உண்டு. அது யாருடைய அக்கவுண்டில் சேமிக்கப்படும்? முதலில் நுழைந்தவருடைய அக்கவுண்டில்!

உங்களுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாதென்று கடைப் பையன் தன் அக்கவுண்டில் நுழைந்து செட் செய்து கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் நன்றாக ஓடும். ஒரு நாள் மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் செய்தாலோ, நீலத் திரையில் ரெகவரி கீ கேட்கும். உங்கள் அக்கவுண்டில் தேடினால் இருக்காது. அந்தப் பையன் அதற்குள் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருப்பான். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் உங்கள் மேஜை மேல்தான் இருக்கும். ஆனால் திறக்க முடியாது. எந்த சர்வீஸ் சென்டரும் உதவ முடியாது.

வாங்கியதும் பார்க்க வேண்டியவை

கடையிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கூச்சப்பட வேண்டாம். பணம் உங்களுடையது.

* சி டிரைவில் யூசர்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள். பப்ளிக் என்ற போல்டரையும் உங்கள் பெயரையும் தவிர வேறு ஆள் பெயர் இருந்தால், யார் என்று கேளுங்கள்.

* பிரவுசரின் செட்டிங்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகள் பகுதியையும், விண்டோஸ் செட்டிங்ஸில் ஏற்கெனவே இணைத்த வை-பை பெயர்கள் பகுதியையும் பாருங்கள். இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

* விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் விண்டோ வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வர வேண்டும். வால்யூம் ஆக்டிவேஷன் இன்ன தேதியில் முடியும் என்று வந்தால், அது நிறுவனங்களுக்கான 180 நாள் முறை. வீட்டுக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் அதற்கு வேலையே இல்லை.

* அதே ரன் விண்டோவில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று டைப் செய்தால் விண்டோஸின் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய மாஸ்டரிலிருந்து எடுத்த விண்டோஸ் 10 நகலைப் புதியது என்று தந்தால் வாங்காதீர்கள்.

* செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் அக்கவுண்டில் நுழைந்து, என்கிரிப்ஷனை ஆப் செய்து, முழுவதும் முடிந்ததும் மறுபடி ஆன் செய்யுங்கள். புதிய கீ உங்கள் அக்கவுண்டுக்கு வந்துவிடும்.

இவற்றில் எது சரியில்லை என்றாலும், மைக்ரோசாப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை இறக்கி, முறையான லைசென்ஸுடன் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள். உங்கள் பைல்களை முன்னதாக வேறிடத்தில் காப்பி செய்துகொள்ள மறக்காதீர்கள்.

வீட்டிலும் ஒரு நகல் வேண்டும்

இவ்வளவும் படித்துவிட்டு க்ளோனிங் என்றாலே ஓடிவிடாதீர்கள். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து வைப்பது மிக நல்ல பழக்கம். விண்டோஸ், டிரைவர்கள், தேவையான சாப்ட்வேர்கள் எல்லாம் போட்டு முடித்த முதல் வாரத்திலேயே க்ளோன்ஸில்லாவால் ஓர் இமேஜ் எடுத்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். பிறகு என்ன ஆனாலும் அரை மணி நேரத்தில் முதல் வார நிலைக்குத் திரும்பலாம். அதே கம்ப்யூட்டருக்குத்தான் திரும்பப் போகிறது என்பதால் இதற்கு சிஸ்பிரெப் தேவையில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போதும் அப்படியே. க்ளோன் செய்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியில் மட்டும் முதலில் பூட் செய்து பாருங்கள். ஒன்றைப் பலவாக்கும்போதுதான் தயாரிப்பு தேவை.

இப்போது நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்விக் கடன் முடிந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது அண்ணாச்சி கடைக்குப் போவதுண்டு. போன பொங்கலுக்குப் போனபோது ஒரு குடும்பம் கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்தது. அண்ணாச்சி ஆன் செய்தார். எந்த நாடு என்று திரையில் கேள்வி வந்தது. கீபோர்டை அவர் தொடவில்லை; எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பெண்ணிடம் தள்ளினார். "நீயே உன் பேரைப் போடும்மா" என்றார்.

நீங்களும் கடையில் அதைக் கேளுங்கள். "முதல் கேள்வி என் முன்னால் வரட்டும், பதிலை நான் டைப் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் கடைகள் தாமாக மாறும்.